டங்கனை எங்கே வைப்பது?

எக்காலத்துக்கும் சிறந்த கூடைப்பந்து வீரர்கள் பட்டியல் என்றாலே பலரும் கோபி பிரயன்ட்டை மேலே ஏற்றிவிட்டு டிம் டங்கனைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவே இல்லை.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆளுக்கு 5 சாம்பியன் பட்டம். சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது டங்கனுக்கு 2, கோபிக்கு 1. சரி, விருதுக் கணக்கை விடுங்கள். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டங்கனைப் பாருங்கள்: 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (வளையத்தில் விழாத பந்தைக் கைப்பற்றுவது), 10 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), 8 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது). எதிரணியான நியூ ஜெர்சி நெட்ஸ் கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் இதையெல்லாம் யார் போஸ்டர் அடித்து ஒட்டுவார்கள்? பக்கவாட்டில் நின்று பந்தைப் பலகையில் அடிப்பார், அது வளையத்துக்குள் விழும். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. நடுவர் விசில் அடித்தால் மட்டும் கண்ணை அகல விரித்து ‘நானா?’ என்று ஒரு பார்வை. அவ்வளவுதான் மனிதரின் மொத்த நடிப்பும்.

பின்னால் சாய்ந்தபடி பந்தை எறியும் கோபியின் ஃபேட்அவே அழகுதான், மறுக்கவில்லை. 2006-இல் டொரன்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அடித்த 81 புள்ளி டங்கனால் ஆகாத காரியம். அதற்காக சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களைக் கொண்ட ஆல் டிஃபென்சிவ் அணிக்கு 15 முறை தேர்வானவரை மறந்துவிட முடியுமா?

என் வரிசையில் ஜோர்டான், லெப்ரான், கரீம், ரசல், மேஜிக், அப்புறம் டங்கன். கோபி ரசிகர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். கோபியோடு சேர்ந்து பட்டங்கள் வென்ற ஷாக்கை (ஷகீல் ஓ’நீல்) மட்டும் துணைக்குக் கூட்டி வராமல் வரவும்.