அரசு நிலம்தானே என்று விட்ட நாற்பதாயிரம்

எங்கள் கம்பெனி லெட்ஜரில் எனக்கு முன்னால் கணக்குப் பார்த்தவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: "நிலக் குத்தகை, அரசு, டிடிஎஸ் கிடையாது." நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதைப் படித்தேன், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். டிடிஎஸ் என்றால், ஒருவருக்குப் பணம் கொடுக்கும்போதே அவருடைய வருமான வரிக்காக ஒரு பங்கைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. அரசுக்குக் கொடுக்கும் பணத்தில் அரசுக்காக வரி பிடிப்பதா என்று யாருக்கும் தோன்றும். அந்த ஒற்றைக் குறிப்பால் 2019-ஆம் வருடம் முழுக்க என் தூக்கம் கெட்டது.

கொங்குப் பக்கம் பம்ப் செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. வட மாநிலங்களில் விற்பனை கூடியதும், அங்கேயே ஒரு அசெம்ப்ளி யூனிட் போடலாம் என்று 2015 ஜனவரியில் ஒரு தொழில் வளர்ச்சி ஆணையத்திடமிருந்து மனை எடுத்தோம். 90 வருடக் குத்தகை. குத்தகை உரிமைக்கான விலை, அதாவது பிரீமியம், 1 கோடியே 60 லட்சம். கால் பங்கை முதலிலேயே கட்டிவிட்டு, மீதி 1 கோடியே 20 லட்சத்தை அரையாண்டுக்கு 15 லட்சமாக எட்டுத் தவணையில் கட்ட வேண்டும், 12 சதவீத வட்டியோடு. இது போக, வருடா வருடம் ஜூலையில் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதாவது 4 லட்சம், ஆண்டுக் குத்தகை வாடகை.

இத்தனையும் ஆணையத்திலிருந்து ஒரே டிமாண்ட் கடிதத்தில் வரும். நாங்களும் ஒரே ஆர்டிஜிஎஸ்ஸில் கட்டிவிடுவோம், லெட்ஜரில் ஒரே தலைப்பில் ஏற்றிவிடுவோம். தப்பு தொடங்கியது அங்கேதான்.

2019 பிப்ரவரியில் வருமான வரித் துறையின் டிடிஎஸ் பிரிவிலிருந்து நோட்டீஸ் வந்தது. 2015-16 முதல் 2017-18 வரை மூன்று வருடத்துக்கு, அப்போதிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-ஐ பிரிவின்படி வாடகையில் 10 சதவீதம் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை, 201-ஆம் பிரிவின்படி உங்களை ஏன் தவறியவராகக் கருதக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு அட்டவணை. மூன்று வருடத்தில் ஆணையத்துக்குப் போன மொத்தப் பணம் 1 கோடியே 31 லட்சத்து 70 ஆயிரம். அதில் 10 சதவீதம் 13 லட்சத்து 17 ஆயிரம். வட்டி தனி.

முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்ப்பா, கவர்மெண்டுக்குக் கட்டுன பணத்துக்குக் கவர்மெண்டே நோட்டீஸ் அனுப்புமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே ஆடிட்டர் சாரைப் போய்ப் பார்த்தேன்.

அவர் நோட்டீஸைப் பார்க்கவே இல்லை. "குத்தகைப் பத்திரம் எங்கே? டிமாண்ட் கடிதம் எல்லாம் எங்கே?" என்றார். மறுநாள் மூட்டையாகக் கொண்டுபோனேன். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போட்டு, கட்டிய ஒவ்வொரு ரூபாயையும் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று பிரிக்கச் சொன்னார். பிரீமியத் தவணை ஆறு, 90 லட்சம். தவணை மேல் வட்டி 29 லட்சத்து 70 ஆயிரம். ஆண்டு வாடகை மூன்று, 12 லட்சம். கூட்டிப் பார்த்தால் நோட்டீஸில் இருந்த அதே தொகை. "இப்போ சொல்லு, இதுல வாடகை எது?" என்றார்.

பிரீமியம் வாடகை ஆகாது என்பதற்கு மத்திய நேரடி வரிகள் வாரியமே 2016 அக்டோபர் 13 அன்று சுற்றறிக்கை போட்டிருக்கிறது, எண் 35/2016. நீண்ட காலக் குத்தகை உரிமைக்காக மொத்தமாகக் கட்டும் பிரீமியம், பின்னால் வரும் வாடகையில் கழித்துக்கொள்ளப்படாத பட்சத்தில், 194-ஐ சொல்லும் வாடகைக்குள் வராது. அந்தச் சுற்றறிக்கை எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் இரண்டு நம் சென்னை உயர் நீதிமன்றத்துடையவை, இரண்டுமே 99 வருடக் குத்தகை பற்றியவை. எனக்கு அது தெரியாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

தவணை மேல் கட்டும் வட்டி இன்னொரு கதை. வட்டி என்றால் 194-ஏ பிரிவு. ஆனால் மத்திய, மாநிலச் சட்டங்களால் நிறுவப்பட்ட கழகங்களுக்குக் கொடுக்கும் வட்டிக்கு டிடிஎஸ் வேண்டாம் என்று 1970 அக்டோபர் 22 தேதியிட்ட அறிவிக்கை ஒன்று இருக்கிறது. நான் பிறப்பதற்கு முந்தைய காகிதம், அப்போதும் வேலை செய்தது. 2018 ஜூலை 2 அன்று கனரா வங்கி வழக்கில், டெல்லியை ஒட்டிய நொய்டாவின் தொழில் வளர்ச்சி ஆணையம் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்புதான், அதற்குத் தரும் வட்டிக்கு இந்த விலக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

சுவாரஸ்யம் என்னவென்றால், அதே நாளில் அதே நீதிமன்றம் அதே ஆணையத்துக்கு எதிராகவும் தீர்ப்புச் சொன்னது. நொய்டா "உள்ளாட்சி அமைப்பு" இல்லை என்று. 2002-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், உள்ளாட்சிகளுக்கு வருமான வரி விலக்குத் தரும் 10(20) பிரிவில் உள்ளாட்சி என்றால் யார் என்று வரையறுத்துவிட்டது: ஊராட்சி, நகராட்சி, நகராட்சிக் குழு, மாவட்ட வாரியம், கன்டோன்மென்ட் வாரியம். வளர்ச்சி ஆணையங்கள் வரிவிலக்குக்காகப் பிடித்துக்கொண்டிருந்த 10(20ஏ) பிரிவையும் 2003 ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டது. ஆக, எங்கள் லெட்ஜரில் "அரசு" என்று எழுதியிருந்தது வரிச் சட்டத்தின் கண்ணில் அரசே இல்லை. மனையைத் தருவது அரசு மாதிரி இருக்கும், பலகையில் அரசு முத்திரை இருக்கும், அதிகாரி ஐஏஎஸ் ஆக இருப்பார். 196-ஆம் பிரிவு டிடிஎஸ் விலக்குத் தந்தது அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும், மத்தியச் சட்டப்படி அமைந்து வருமானத்துக்கே வரிவிலக்குப் பெற்ற கழகங்களுக்கும், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும்தான். மாநிலச் சட்டத்தில் பிறந்த ஆணையம் அந்தப் பட்டியலில் இல்லை.

மிஞ்சியது ஆண்டு வாடகை 12 லட்சம். அதில் நாங்கள் மாட்டியது மாட்டியதுதான். 13 லட்சம் 1 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியதே என்று எனக்கு நிம்மதி, முதலாளிக்கு அதுவும் எரிச்சல்.

விசாரணைக்கு நானும் ஆடிட்டரும் போனோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், நல்ல கேள்வி ஒன்றும் கேட்டார்: "வாடகையையே பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்றுதானே கணக்கிடுகிறார்கள்? அப்படியானால் பிரீமியமும் வாடகையின் முன்பணம்தானே?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆடிட்டர் சார் பத்திரத்தைத் திருப்பி, பிரீமியம் எந்தச் சூழலிலும் வாடகையில் கழிக்கப்படாது என்ற ஷரத்தைக் காட்டினார். அப்புறம் டெல்லி உயர் நீதிமன்றம் 2017 பிப்ரவரி 16 அன்று ராஜேஷ் பிராஜெக்ட்ஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்பை வைத்தார். கிரேட்டர் நொய்டா ஆணையத்தின் குத்தகை பற்றியது அது. அங்கேயும் வாடகை பிரீமியத்தில் 1 சதவீதம் என்றுதான் இருந்தது. பிரீமியத்துக்கு டிடிஎஸ் இல்லை, சதவீதக் கணக்கில் வரும் ஆண்டு வாடகைக்கு உண்டு, தவணை வட்டிக்கு இல்லை என்று எங்கள் மூன்று கட்டத்தையும் அந்தத் தீர்ப்பு அப்படியே பிரித்து வைத்திருந்தது. அதிகாரி வாங்கிக் குறித்துக்கொண்டார்.

வாடகைப் பகுதிக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. பணம் வாங்கியவர் அந்த வாடகையைத் தன் வருமானமாகக் காட்டி, ரிட்டர்ன் போட்டு, வரியும் கட்டியிருந்தால், ஒரு சிஏ சான்றோடு படிவம் 26ஏ தாக்கல் செய்யலாம். அப்போது நாம் தவறியவர் ஆக மாட்டோம், வட்டி மட்டும் கட்டினால் போதும். இந்தச் சலுகை 2012 ஜூலை முதல் இருக்கிறது. ஆணையத்துக்கு எழுதிக் கேட்டோம். "நாங்கள் உள்ளாட்சி அமைப்பு, எங்களுக்கு வரி கிடையாது" என்று எந்தக் காலத்திலோ தட்டச்சு செய்த கடிதத்தின் நகல் பதிலாக வந்தது. வரி கட்டினோம் என்று சொல்லாதவரிடம் 26ஏ வாங்க முடியாது. டிடிஎஸ் பிடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அவர்கள் 197-ஆம் பிரிவில் துறையிடம் சான்று வாங்கித் தந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை.

கையிலிருந்து கட்டுவது என்று முடிவானது. 2018 ஜூலையிலும் பிடிக்காமல்தான் கட்டியிருந்தோம், அதனால் அதையும் சேர்த்தோம். நாலு வருடத்துக்கு 40,000 வீதம் 1,60,000. 201(1ஏ) பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டி, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். 2019 மார்ச்சில் கட்டியதால் 2015 வாடகைக்கு 45 மாதம், 18,000. 2016-க்கு 13,200, 2017-க்கு 8,400, 2018-க்கு 3,600. ஆக வட்டி 43,200. சலானில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பணம் எந்த வகை என்று காட்டும் மைனர் ஹெட் எண். உத்தரவு வருவதற்கு முன்னால் நாமாகக் கட்டுவது 200, டிமாண்ட் வந்தபிறகு கட்டுவது 400. நான் பழக்கதோஷத்தில் 400-ஐத் தட்டப் போனேன், கடைசி நிமிடத்தில் ஆடிட்டர் ஆபீஸ் பையன் பார்த்துச் சொன்னான். ஒவ்வொரு வருடத்துக்கும் தனிச் சலான், அந்தந்த வருடத்தின் இரண்டாம் காலாண்டு டிடிஎஸ் கணக்கான 26க்யூவில் திருத்தம், அதில் ஆணையத்தின் பான் எண். அசல் 26க்யூவை வேறு பிடித்தங்களுக்காக அப்போதே நேரத்தில் போட்டிருந்ததால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணத்திலிருந்து தப்பினோம். வருமான வரிக் கணக்கில் டிடிஎஸ் பிடிக்காத வாடகைச் செலவில் 30 சதவீதத்தைச் செலவாக ஏற்க மறுக்கும் சமாச்சாரத்தை ஆடிட்டர் தனியாகப் பார்த்துக்கொண்டார்.

மே மாதம் உத்தரவு வந்தது. பிரீமியமும் வட்டியும் கைவிடப்பட்டன, வாடகை வரி கட்டியாயிற்று என்று பதிவானது.

முடிந்தது என்று நினைத்தேன். ஜூலையில் வாடகை கட்டும் நாள் வந்ததும் 40,000 பிடித்துக்கொண்டு 3,60,000 அனுப்பினேன், விளக்கக் கடிதத்தோடு. மூன்று வாரத்தில் ஆணையத்திடமிருந்து பாக்கி நோட்டீஸ்: 40,000 நிலுவை, அபராத வட்டியோடு கட்டுக, தவறினால் குத்தகை ஷரத்துப்படி நடவடிக்கை. இந்தப் பக்கம் பிடிக்காவிட்டால் வரித் துறை, அந்தப் பக்கம் பிடித்தால் நிலத்துக்காரர். டெல்லித் தீர்ப்பில், ஆணையத்தின் பிடிவாதத்தால் பிடிக்க முடியாமல் போன பழைய காலத்துக்கு ஆணையமே அந்தத் தொகையைக் கட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவு உண்டு. வழக்குப் போட்ட மகராசர்களுக்குக் கிடைத்தது. நாங்கள் போடவில்லை.

நாலு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்றானதும் டிசம்பரில் நானே ரயில் ஏறினேன். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். கணக்குப் பிரிவில் ஒருவர் எங்கள் மனை எண்ணைப் போட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். வரவு 3,60,000, நிலுவை 40,000, சிவப்பில். "பிடித்த பணம் உங்கள் பெயரில் வரித் துறையில் இருக்கிறது" என்றேன். "எங்களுக்கு வரி இல்லையே, எங்களுக்கு எதற்கு அது?" என்றார். நியாயமாகக் கேட்பது போலத்தான் கேட்டார். வரித் துறையின் டிரேஸஸ் தளத்தில் இறக்கிய, வரி பிடித்ததற்கான சான்றான 16ஏ படிவத்தைக் கொடுத்தேன். அவர் உள்ளே ஒரு அதிகாரியிடம் அனுப்பினார். அந்த அதிகாரி தன் கம்ப்யூட்டரில் ஆணையத்தின் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்தார். பக்கம் பக்கமாக ஓடியது. எங்களைப் போல எத்தனையோ கம்பெனிகள் பிடித்துக் கட்டிய பணம். வரி பிடிப்பவருக்குத் தரப்படும் எங்கள் டான் எண்ணைத் தேடி எடுத்து, பேனாவால் திரையைத் தட்டி, "இதோ இருக்கிறது" என்று அவரே ஆச்சரியப்பட்டார். அரை மணி நேரத்தில் 2019-இன் 40,000 "டிடிஎஸ் வரவு" என்று ஏறியது, சிவப்பு போனது.

பழைய 1,60,000 பற்றியும் கேட்டேன். முழு வாடகையும் வாங்கிக்கொண்டீர்கள், இப்போது அந்த வரி வரவும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, அடுத்த வாடகையில் கழியுங்கள் என்று. "எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன், நகலில் சீல் வாங்கினேன். அந்த சீல் போட்ட காகிதம் இன்றும் ஃபைலில் இருக்கிறது, பதில்தான் வரவில்லை.

இப்போதெல்லாம் ஜூலையில் பிடிக்கிறேன், ஆகஸ்ட் 7-க்குள் கட்டுகிறேன், காலாண்டு டிடிஎஸ் கணக்குப் போட்டு, சான்று வந்ததும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் இன்னொன்றை மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன். ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிப்பதில்லை. லெட்ஜரில் மூன்று தலைப்பு.

2025 ஜூலையில் புதுச் சிக்கல். பத்து வருடம் ஆனதால் வாடகையை 50 சதவீதம் ஏற்றிவிட்டார்கள், 6 லட்சம். அந்த வருடம் ஏப்ரல் முதல்தான் 194-ஐ வரம்பும் வருடத்துக்கு 2,40,000 என்பதிலிருந்து மாதத்துக்கு 50,000 என்று மாறியிருந்தது. 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் கச்சிதமாக 50,000, ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பிடிக்க வேண்டாம்ல?" என்றார். ஆடிட்டர் சாருக்கு ஃபோன் போட்டேன். "ஆறு லட்சத்தையும் ஒரே மாசத்துலதானே கட்டுறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பேசாம பிடிச்சுக் கட்டு" என்று வைத்துவிட்டார்.