கம்பாலா போவதற்கு முன் போட்டுக்கொண்ட ஊசிகள்

உகாண்டா வேலை உறுதியானதும் நிறுவனம் ஒரு பட்டியல் அனுப்பியது: மஞ்சள் காய்ச்சல், எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா), ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் பி, டைபாய்டு, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா). கூடவே காசநோய்க்கான மாண்டூ சோதனை. எதை முதலில் போடுவது, நடுவில் எத்தனை நாள் விடுவது என்று ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்கு அருகிலிருந்த கிளினிக்கில் பட்டியலை நீட்டினேன். எம்எம்ஆர் கையிருப்பில் இருக்கிறது என்று அன்றே போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போனேன். கரைத்த மருந்துக் குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் இதை நினைத்த நேரத்தில் போட்டுக்கொள்ள முடியாது, முன்பதிவு வேண்டும். முறை வந்ததும் மருத்துவர், "கடந்த நான்கு வாரத்தில் வேறு தடுப்பூசி போட்டீர்களா, சார்?" என்றார். எம்எம்ஆர் அட்டையைக் காட்டினேன். எம்எம்ஆர் போட்டு 28 நாள் ஆன பிறகு வரச் சொன்னார்.

இரண்டுமே வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள். முதலில் போனதை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம், பின்னால் வருவதையும் பெருக விடாமல் அமுக்கிவிடக்கூடும். அப்போது இரண்டாவது ஊசி சரியாகப் பிடிக்காது. ஆகவே இந்த வகை ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் 28 நாள் விட வேண்டும். எம்எம்ஆரையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் மட்டும் ஒரே நாளில்கூடப் போட வேண்டாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல்.

அதோடு முடியவில்லை. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். அது இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. அங்கிருந்து திரும்பும்போதும் இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. பட்டியல் அனுப்பிய அதே அலுவலர் என்னிடம் ஏன் தாமதம் என்று கேட்டதுதான் வேடிக்கை! ஒரே ஆறுதல், 2016 ஜூலை முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும். முன்பு பத்து ஆண்டுதான்.

காத்திருந்த நாட்களை வீணாக்கவில்லை. மற்ற நான்கும் உயிரற்ற வகை. அவற்றுக்குள்ளும் சரி, எம்எம்ஆரோடும் சரி, இடைவெளி தேவையில்லை. டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏ-யும் இடது கையில் ஓர் அங்குலம் தள்ளித் தள்ளி, டிடியும் ஹெபடைடிஸ் பி-யும் வலது கையில். "ஒரே நாளில் நாலு ஊசியா, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மா பதறினார். இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான்.

மாண்டூவை நான் மறந்தே போயிருந்தேன். நினைவூட்டியது அந்த மருத்துவர்தான். எம்எம்ஆர் போட்ட சில வாரங்களுக்குள் மாண்டூ செய்தால், காசநோய்க் கிருமி உடலில் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். ஊசிக்கு முன்போ அன்றைக்கோ செய்யலாம். தவறினால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். எனவே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அன்று மாலையே ஆய்வகம் போய் அதையும் முடித்தேன். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முடிவு பார்க்க மறுபடி போக வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ் பி-க்கு 0, 1, 6 மாதக் கணக்கு. இரண்டாவது டோஸை இங்கேயே முடித்துக்கொண்டேன். மூன்றாவதை விடுமுறையில் ஊர் வந்தபோதுதான் போட முடிந்தது, சில மாதங்கள் தாமதமாக. முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயந்தேன். "தாமதமானால் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்னால் போட்டால்தான் அந்த டோஸ் கணக்கில் வராது" என்றார் மருத்துவர். அதே நாளில் ஹெபடைடிஸ் ஏ இரண்டாவது டோஸையும் மற்றக் கையில் போட்டுவிட்டார்.