பழைய ட்ரை-ஆங் ஜின்டி எஞ்சின்: மோட்டார் ரிப்பேர், பெயிண்ட், பட்ட பாடு

முதல்லயே சொல்லிடறேன், வீட்ல பழைய ட்ரை-ஆங், ஹார்ன்பி கம்பெனி பொம்மை ரயில் எஞ்சின் ஏதாவது கிடந்தா "சின்ன மோட்டார்தானே சார், பாத்துத் தரேன்"னு சொல்ற ரிப்பேர் கடையில குடுத்துடாதீங்க. எங்க ஜின்டி (ஒரு இங்கிலீஷ் ஸ்டீம் எஞ்சினோட குட்டி மாடல்) அத்தனை வருஷம் பரண்ல கிடந்தப்ப ஆகாத சேதம் அந்த ஒரு கடைக்குப் போய்ட்டு வந்ததுல ஆச்சு, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

பெரியப்பா கப்பல்ல வேலை பாத்தப்ப 60கள்ல இங்கிலாந்துல இருந்து வாங்கிட்டு வந்த எஞ்சின் இது. ஓஓ கேஜ்ங்கற சின்ன மாடல் ரயில் சைஸ், 12 வோல்ட் டிசி, பாடில நம்பர் 47606, உள்ள எக்ஸ்04ங்கற மோட்டார். அண்ணன் எப்பவோ கடையில குடுத்து, "ஆர்மேச்சர் (மோட்டார் உள்ள சுத்தற காயில்) எரிஞ்சிடுச்சு, தூக்கிப் போடுங்க"ன்னு பதில் வந்து, அதுக்கு பில்லும் கட்டி வாங்கிட்டு வந்து வச்சிருந்தான். நான் ட்ராக்ல வச்சதும் கரண்ட் குடுக்கற கன்ட்ரோலர் ட்ரிப் ஆச்சு, ஃபுல் ஷார்ட்.

மல்டிமீட்டர் எடுத்தேன். ஆர்மேச்சரோட சேர்ந்து சுத்தற கம்யூட்டேட்டர்ல மூணு செம்புப் பட்டை இருக்கும், ரெண்டு ரெண்டா வச்சு அளந்தா மூணு ரீடிங்கும் ஒரே மாதிரி வரணும், ஷாஃப்டுக்கும் பட்டைக்கும் நடுவுல கனெக்ஷன் இருக்கக்கூடாது. ரெண்டுமே சரியா இருந்துச்சு, அப்போ ஆர்மேச்சர் எரியவே இல்ல! அப்புறம்தான் பிரஷ்ஷை (கம்யூட்டேட்டருக்குக் கரண்ட் குடுக்கற துண்டு) அழுத்திப் பிடிக்கற ஸ்ப்ரிங்கைப் பாத்தேன், அதோட ஒரு கால்ல துளியூண்டு இன்சுலேஷன் ஸ்லீவ் இருக்கணும், காணோம். இந்த மோட்டார்ல ஒரு பிரஷ் சேசிஸோட சேர்ந்தது, இன்னொண்ணு தனியா நிக்கணும், ரெண்டையும் பிரிக்கறதே அந்த ஸ்லீவ்தான், கடைக்காரர் கழட்டினப்ப கீழ விழுந்திருக்கு, அவருக்கு அது என்னன்னே தெரியல, அப்படியே மாட்டி ஷார்ட் ஆனதும் எரிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டார். மெல்லிசு ஒயரோட தோலைக் கொஞ்சம் உரிச்சு அந்தக் கால்ல மாட்டினேன், மோட்டார் சுத்திச்சு! தூக்கிப் போடச் சொன்ன மோட்டார் சார் அது, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

ஆனா அதோட முடியல. சுத்துதே தவிர இழுவை இல்ல, ஒரு கோச் மாட்டினாலே திணறுது, கை வைக்க முடியாத சூடு. காரணம் காந்தம். எக்ஸ்04ல இருக்கறது அல்னிகோங்கற பழைய வகை காந்தம், அதை இரும்புத் துண்டுகளுக்கு நடுவுல இருந்து சும்மா வெளிய எடுத்தாலே பலம் குறைஞ்சிடும், கடைக்காரர் அதையும் கழட்டி மாட்டியிருக்கார். க்ளீன் பண்றதுக்காக எல்லாம் காந்தத்தை எடுக்கவே எடுக்காதீங்க, அது மாட்டியிருக்கும்போதே எல்லாத்தையும் துடைக்கலாம்.

இந்த மோட்டாருக்குன்னே நியோடிமியம்ங்கற பலமான காந்தம் இங்கிலாந்துல விக்கறாங்க. ஆர்டர் பண்ணேன், விக்கறவர் பழைய எஞ்சின்னு கேட்டதும் பாசமா ஒரு குட்டி எனாமல் பெயிண்ட் டப்பாவையும் உள்ள வச்சு அனுப்பிட்டார். பெயிண்ட் தீப்பிடிக்கற சாமான், ஏர்மெயில்ல விட மாட்டாங்க, பார்சல் மொத்தமும் திரும்பிப் போச்சு. ஆர்டர் போடும்போதே "பெயிண்ட், ஆயில் எதுவும் வைக்காதீங்க, இலவசமாக்கூட வேண்டாம்"னு எழுதிடுங்க. ரெண்டாவது பார்சலுக்கு கேஒய்சி, டூட்டி எல்லாம் கட்டி ஒரு வழியா வந்துச்சு. மாட்டினா எஞ்சின் பின்னாடி ஓடுது, பயப்பட வேண்டாம், காந்தத்தைத் திருப்பிப் போட்டா சரியாயிடும்.

பார்சலுக்குக் காத்திருந்த நேரத்துல கெட்டிப்பட்ட கிரீஸை எடுத்து, சக்கரம் துடைச்சு, பேரிங்குக்கு தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டேன். ஒரு சொட்டுதான், கம்யூட்டேட்டர்ல எண்ணெய் பட்டா மறுபடி துடைக்கணும்.

இனி பெயிண்ட். யாரோ ஒரு காலத்துல பிரஷ்ஷால பச்சை எனாமலைத் தோசைமாவு மாதிரி அப்பி வச்சிருந்தாங்க, ஒரு ரிவெட்டு கூடத் தெரியல. பெயிண்ட் கடையில கேட்டா "தின்னர்ல ஊறப் போடுங்க, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு அடிச்சு சொல்றார். பாடி பாலிஸ்டைரீன், அதனால உள்பக்கம் ஒரு மூலையில பட்ஸ்ல தொட்டு மட்டும் பாத்தேன், அந்த இடம் பிசுபிசுன்னு இளகிடுச்சு. அவர் பேச்சைக் கேட்டிருந்தா பாடியே போயிருக்கும்! டெட்டால்ல ஒரு ராத்திரி ஊற வைங்க, அது போதும், பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சா பச்சை கழண்டு வரும். முக்கியமான விஷயம், உடனே தண்ணில கழுவாதீங்க, கழண்ட பெயிண்ட் தார் மாதிரி ஒட்டிக்கும், புது டெட்டால்ல அலசிட்டு அப்புறமா சோப்புத் தண்ணி. கைக்கு க்ளவுஸ் கட்டாயம். உள்ள இருந்த ரிவெட் வரிசை, கைப்பிடி எல்லாம் வெளிய வந்ததைப் பாக்கணுமே, அவ்ளோ அழகு.

ப்ரைமரும் கறுப்பும் மெல்லிசா பல கோட். மழை நாள்ல அடிக்காதீங்க, நம்ம ஊர் ஈரத்துல ஸ்ப்ரே வெள்ளை பூத்துடும், வெயில் ஏறினதுக்கப்புறம் அடிங்க. கரிக்கறுப்பு வேண்டாம், லேசா சாம்பல் கலந்த கறுப்புதான் இந்த சைஸுக்கு நிஜ எஞ்சின் மாதிரி இருக்கு.

அடுத்து நம்பர். ஒரு ஸ்டிக்கர் கடையில "எந்தக் கலர்லயும் டீக்கால் (ஒட்டற எழுத்து, சின்னம்) வரும்"னு சொல்லி பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க. சாதா பிரிண்டர்ல வெள்ளை மையே கிடையாது, அதனால வெளிர் கலர் எல்லாம் கண்ணாடி மாதிரி வந்துச்சு, கறுப்பு பாடில ஒட்டினா ஒண்ணுமே தெரியல, காசையும் திருப்பித் தரல. கடைசில ரெடிமேட் டிரான்ஸ்ஃபர்தான் வாங்கினேன். நிஜ ஜின்டி எஞ்சின்கள் மொத்தம் 422, லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயில இது 7606, 1948ல பிரிட்டிஷ் ரயில்வேஸ் வந்தப்ப 40000 கூட்டி 47606 ஆச்சு. சக்கரத்து மேல சிங்கம் நிக்கற பிரிட்டிஷ் ரயில்வேஸோட பழைய சின்னத்தைத்தான் போட்டிருக்கேன், 1956ல வந்த சின்னம் வேற, ஆர்டர் பண்றப்ப பாத்து வாங்குங்க. ஒட்டறதுக்கு முன்னாடி பளபளப்பான வார்னிஷ் கோட் கண்டிப்பா அடிங்க, இல்லன்னா ஓரமெல்லாம் வெள்ளையா மின்னும்.

இப்போ மூணு கோச்சை அலுங்காம இழுக்குது, மோட்டார் வெதுவெதுப்புதான். ஒரே ஒரு குறை, பாடியைப் பிடிக்கற ஸ்க்ரூவையும் அந்தக் கடையில தொலைச்சிருக்காங்க. அது பழைய இங்கிலீஷ் பிஏ த்ரெட், நம்ம மெட்ரிக் ஸ்க்ரூவை வம்பா முறுக்கினா சேசிஸ் த்ரெட் போயிடும், அதனால பாடியைச் சும்மா மேல உக்கார வச்சுத்தான் ஓட்டறேன். சென்னைல பிஏ ஸ்க்ரூ எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.