கொம்பு பேசாது

கோத்தகிரிப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் வாரமே ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்னைத் திருத்தினாள். பஸ் போர்டைப் பார்த்து 'கட்டபெட்டு' என்று படித்தேன், பெட்டியில் வரும் 'பெ' போட்டு. "அந்தப் பெ இல்ல மிஸ், பெல் அடிக்கிற பெ" என்றாள். நீலகிரியில் வாழும் படகர் மக்களின் பேச்சில் பெட்டு என்றால் மலை. தொட்டபெட்டா, பெரிய மலை. ராமநாதபுரத்துக்காரிக்கு மலையே புதுசு, இதெல்லாம் எங்கே தெரியும்?

வேடிக்கை என்னவென்றால், அந்த போர்டை அவளால் படிக்க முடியாது. டிரைவர் அண்ணனின் முகத்தை வைத்துத்தான் பஸ்ஸை அடையாளம் சொல்வாள். அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் இவள் அரும்பிலேயே இருந்தாள். அதற்காக எழுத்து தெரியாது என்று சொல்லிவிட முடியாது. உயிர் 12, மெய் 18, மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

அவள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். அதனால் 'கொழுந்து' என்றே கரும்பலகையில் எழுதினேன். விரல் வைத்து ஆரம்பித்தாள்: "எ... க... ஆ..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். பிள்ளை அதைத்தான் செய்கிறாள். 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, வாய் தொடங்க வேண்டியதோ நடுவில். கெ, கே, கை, கொ, கோ என்று இந்த வரிசை முழுக்க இதே வம்புதான். இதில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு னை, லை எல்லாம் துதிக்கை வைத்துத் தனி உருவம். என் அப்பா இன்றைக்கும் 'யானை'க்குத் துதிக்கை போட்டுத்தான் எழுதுவார், பொருத்தம்தான்.

மறுநாள் பழைய காலண்டர் அட்டையை வெட்டி மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்தேன். நடுவில் 'க', இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். நடுவில் நிற்பவன் மட்டும்தான் வாயைத் திறக்கலாம். கொம்பு அவன் தோளில் கை வைத்தால் 'கெ', காலும் சேர்ந்து கை வைத்தால் 'கொ'. "கொம்பு ஊமையா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். "பேசாது, பேச வைக்கும்" என்றேன். ஒரு வாரம் இடைவேளையிலும் இதே விளையாட்டு.

'கொளுந்து' என்றுதான் முதலில் படித்தாள். அன்றைக்கு ழகரத்துக்காக நான் மல்லுக்கட்டவில்லை. எங்கள் ஊரிலும் வாளப்பளம்தான்.

அதோடு உரல், ஓடம், ஒட்டகம் படங்களைக் கொஞ்ச நாள் சுவரோடு விட்டுவிட்டேன். கேரட், ஸ்வெட்டர், காட்டுமாடு, அரவேனு, சோலூர்மட்டம் என்று அவர்கள் வாயில் ஏற்கெனவே இருப்பதை எழுதினேன். தமிழில் பல்லுக்கும் பெல்லுக்கும் ஒரே 'ப'தான். சொல்லை முன்பே கேட்டிருந்தால் நாக்கு தானாகச் சரியான ஒலிக்குப் போகும். கேட்காதவள் என்னைப் போல மாட்டிக்கொள்வாள். பிறகுதான் பாடப்புத்தகத்துக்கு வந்தோம், தடுக்கல் இருந்தது, ஆனால் பயம் இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அவளையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. ஒரு பஸ் உள்ளே திரும்பியது. 'கோ' மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கோவை வண்டியோ என்று அம்மா பின்வாங்கினார். இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அடுத்து கொம்பு இல்லம்மா. கோடநாடு. ஏறு."