ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு சர்வர்

அப்பாவின் பழைய படங்கள், பத்திரங்கள், தங்கையின் கல்யாண வீடியோ எல்லாம் இனி எங்கள் வீட்டிலேயே. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, ஒரு ஹார்ட் டிஸ்க், கோப்புகளைச் சொந்த சர்வரில் வைத்துப் பார்க்க உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருள், அவ்வளவுதான்.

வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்டு விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி. அதற்காக, இணையத்திலிருந்து வீட்டை நேராக எட்டும் முகவரியான பப்ளிக் ஐபியைக் கேட்டு வாங்கினேன். ரவுட்டரில் திறந்திருப்பது வயர்கார்டுக்கான ஒரே வாசல், யுடிபி போர்ட் 51820 மட்டும். சரியான சாவி இல்லாமல் தட்டினால் பதிலே வராது. வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டேன், அங்கேயும் சாவி இருந்தால்தான் நுழையலாம். வீட்டுக் கண்காணிப்பு கேமராவுக்கு, சர்வரோடு சேராத தனி நெட்வொர்க்.

உப்புக்காற்றுதான் பெரிய கவலை. ஜன்னலோரம் இருந்த பழைய ரவுட்டரின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. அதனால் சர்வரைக் கடல் பக்கம் இல்லாத உள்ளறையில் வைத்திருக்கிறேன், காற்றோட்டமும் விட்டு.

அப்புறம், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்த ஒரு பிரதி மதுரையில் அக்கா வீட்டில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆச்சியிடம் தாத்தாவின் படம் ஒன்றுகூட இல்லை.