முகத்தை விடுங்கள், தொப்பி விளக்கைப் பாருங்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களின் பழைய படங்கள் இணையத்தில் ஏராளமாகச் சுற்றுகின்றன. கீழே பெரும்பாலும் ‘1900களின் தொடக்கம்’ என்று ஒரு வரி இருக்கும், பல சமயம் அதுவும் தப்பு. கரி படிந்த முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். எந்தக் காலம், என்ன வேலை என்று தெரிய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது தொப்பியில் மாட்டியிருக்கும் விளக்கு.

சின்னக் கெண்டி மாதிரி இருந்து, மூக்கில் திரி நீட்டிக்கொண்டிருந்தால் அது எண்ணெய் விளக்கு. பன்றிக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயை ஊற்றி எரிப்பார்கள். வெளிச்சத்தைவிடப் புகைதான் அதிகம். துணித் தொப்பி, முன்பக்கம் தோல், அதில் கெண்டி என்று இருந்தால் படம் பெரும்பாலும் 1915க்கு முந்தியது.

விளக்குக்குப் பின்னால் பளபளப்பான தகட்டுக் கிண்ணம் இருந்தால் கார்பைடு விளக்கு. மேலறையில் தண்ணீர், கீழறையில் கார்பைடு கல். நம் ஊரில் மாங்காயைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கல்தான். மேலே உள்ள சிறு நெம்பைத் திருப்பினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். கிளம்புகிற அசிட்டிலீன் வாயு நடுவிலுள்ள ஊசித் துளை வழியே வரும். கிண்ணத்தை உள்ளங்கையால் ஒரு நொடி மூடி வாயுவைச் சேர்த்து, ஓரத்திலுள்ள சக்கிமுக்கிச் சக்கரத்தை உரசியபடி கையை இழுத்தால் ‘டப்’பென்று பற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கல் தீர்ந்துவிடும். அதனால்தான் பல படங்களில் சட்டைப்பையோ இடுப்புப்பையோ புடைத்திருக்கிறது. உள்ளே மாற்றுக் கல் டப்பா. தண்ணீர் அதிகமாக இறங்கினால் கல் சுண்ணாம்புச் சேறாகி, வாயு வரும் வழி அடைத்து, சுடர் செத்துவிடும். துளையில் கரி பிடித்தால் மெல்லிய கம்பியால் குத்த வேண்டும். இரண்டு அறைகளும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் விளக்கின் இடுப்பிலேயே தீ எரியும்.

தொப்பியிலிருந்து முதுகுப்பக்கமாக ஒயர் இறங்கி இடுப்புப் பெட்டிக்குப் போனால் அது பேட்டரி விளக்கு, 1914க்குப் பிந்தியது.

இனி, குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1908 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியாச் சுரங்கம் ஒன்றில் எடுத்த கதவுப் பையன் படம். 15 வயது, 10 மணி நேர வேலைக்கு 75 சென்ட். கதவைத் திறந்து மூடுவதுதான் வேலை என்றதும் சுலபம் என்று தோன்றும். அந்தக் கதவுதான் காற்றைத் திருப்பிவிட்டுக் கரி வெட்டுகிற முகப்பு வரை அனுப்புகிறது. வண்டி போனபின் மூட மறந்தால் காற்று குறுக்குவழியில் திரும்பிவிடும், முகப்பில் வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயு சேரும். கதவில் தெரிகிற கிறுக்கல்கள் எடுத்தபோது ஹைன் கண்ணிலேயே படவில்லை, பிலிம் மாதிரி பயன்பட்ட கண்ணாடித் தகட்டைக் கழுவியபோதுதான் தெரிந்தன. படத்தின் வெளிச்சம் மக்னீசியப் பொடி எரிந்த ஒரு நொடி. அது அணைந்தபின் அவன் பார்த்தது படத்தில் இல்லை.

வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து கல் பொறுக்கும் சிறுவர்கள் கூட்டத்தை ‘மேற்கு வர்ஜீனியா’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். கரியை உடைத்துத் தரம் பிரிக்கிற, பிரேக்கர் என்கிற அந்த உயரமான கட்டடம் பென்சில்வேனியாவின் அந்த்ரசைட் என்கிற கெட்டிக் கரிக்கு உரியது.

ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொத்துகிறவர் படங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கரிப்படுகையின் அடியில் நீளமாக ஒரு வெட்டுப் போடுகிறார். மேலேயுள்ள கரி வெடித்ததும் விழ இடம் வேண்டுமே. பிறகு மார்புத் தகட்டை வைத்து அழுத்தி, நீளமான துளைக்கோலைக் கையால் சுற்றித் துளை போடுவார். செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயாக்கி அதில் கறுப்பு வெடிமருந்து நிரப்பித் துளைக்குள் தள்ளுவார். கூடவே ஒரு செம்பு ஊசியை வைத்துக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, ஊசியை உருவுவார். அந்தப் பொந்தில் பற்றவைப்புக் குழலைச் செருகித் தீ வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். களிமண்ணைச் சுமந்து வரச் சோம்பி காலடியில் கிடக்கும் கரித்தூளையே அடைத்தால் வெடி பின்பக்கம் பீறிட்டு, தூளும் சேர்ந்து பற்றும். அடிவெட்டுப் போடாமல் மருந்தைக் கூட்டி வெடித்தாலும் அதே கதிதான். வெட்டிய நேரத்துக்குக் கூலி கிடையாது, ஏற்றிய டன்னுக்குத்தான். அந்தச் சோம்பலுக்குக் காரணம் அங்கே இருக்கிறது. மருந்தும் கருவியும் அவர் காசு. 1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மோனங்கா சுரங்கத்தில் 360க்கும் மேற்பட்டோர் வெடிப்பில் செத்தபின், 1910இல்தான் அமெரிக்க அரசு சுரங்கங்களுக்கென்று தனித் துறை அமைத்தது.

கையில் உள்ள வட்டத் தூக்கு நம் அடுக்குத் தூக்குக்கு அண்ணன் தம்பி. அடியில் தண்ணீர், நடுவில் சாப்பாடு, மேல் தட்டில் இனிப்பு. பித்தளை வில்லைகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எண் மட்டும் இருந்தால் கரி வண்டியில் மாட்டுவது, யார் ஏற்றியது என்று எடைமேடையில் தெரிவதற்கு. 5, 10, 25 என்று மதிப்பும் கம்பெனிப் பெயரும் இருந்தால் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுகிற காசு. வெளியே கொடுத்தால் தள்ளுபடி போட்டுத்தான் வாங்குவார்கள்.

வீட்டுக்குள் எடுத்த படமென்றால் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றைப் பலகைச் சுவர், இடுக்கில் குளிர் நுழையும். மாவுப் பசை காய்ச்சிச் செய்தித்தாளை ஒட்டியிருப்பார்கள். தலைப்பு படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் தேதி கிடைத்துவிடும். படம் அதற்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லலாம், அதே வருஷம் என்று சொல்ல முடியாது.

நீளமான குழுப்படங்களில் நூறு இருநூறு பேர் நேர்கோட்டில் நிற்பது போலிருக்கும், பின்னால் கட்டடம் மட்டும் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். உண்மையில் வளைந்து நின்றவர்கள் ஆட்கள். 1904இல் காப்புரிமை பெற்ற சர்கட் கேமரா முக்காலியின் மேல் சாவி முறுக்கில் மெதுவாகச் சுழலும், உள்ளே பிலிம் எதிர்ப்பக்கம் ஓடும். இடது முனையையும் வலது முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமரா தன்னைக் கடந்ததும் கூட்டத்துக்குப் பின்னால் ஓடி மறுமுனையில் போய் நின்ற குறும்புக்காரர் சில படங்களில் இரண்டு முறை இருப்பார்.