அடையாளம் தெரியாத விண்கலம் வந்தால் முதல் போன் யாருக்கு?

வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கினால் பூமியின் சார்பில் யார் போய்ப் பேசுவது? அப்படி ஒரு பதவியே கிடையாது. ஐ.நா. விண்வெளி அலுவலகத்தின் இயக்குநராக இருந்த மஸ்லான் ஒத்மானுக்கு அந்தப் பொறுப்பு தரப்படுவதாக 2010இல் ஒரு செய்தி கிளம்பியது. அவரே மறுத்துவிட்டார். அரசுகள் முதலில் தடுமாறப்போவது வரவேற்பில் அல்ல, தகவலில்தான்: யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், எத்தனை மணி நேரம் கழித்துச் சொன்னார்கள்.

வருவது வெறும் ரேடியோ சிக்னல் என்றால் பதற்றம் குறைவு. சர்வதேச விண்வெளியியல் அகாடமி 1989இல் ஒரு நடைமுறையை வகுத்து, 2010இல் திருத்தியது. வேறொரு தொலைநோக்கியில் வேறொரு குழு சரிபார்க்க வேண்டும், உறுதியானதும் ஐ.நா. பொதுச் செயலாளருக்கும் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும். அந்த அலைவரிசையில் குறுக்கீடு வராமல் காக்க வேண்டும். உலக நாடுகள் கலந்து பேசும்வரை பதில் அனுப்பக் கூடாது. எதுவும் சட்டமல்ல, கையெழுத்திட்டவர்களின் மனசாட்சிதான் காவல்.

இதில் முதலில் உடைவது ரகசியம். 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரியின் திசையிலிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னலைப் பதிவு செய்தது. ஆய்வு முடியும் முன்பே, 2020 டிசம்பரில் பத்திரிகைக்குக் கசிந்தது. அதே சாயலில் வேறு அலைவரிசைகளிலும் சிக்னல்கள் இருந்ததால் அது மனிதக் கருவிகளின் குறுக்கீடுதான் என்ற முடிவு 2021 அக்டோபரில்தான் வெளியானது. இடைப்பட்ட பத்து மாதங்களில் வதந்திக்குப் பதில் சொல்ல எந்த அரசிடமும் ஆள் இல்லை. அன்று அது பெரிய விஷயமாகவில்லை, ஏனென்றால் வந்தது வெறும் சத்தம்.

பொருளே வந்தால் கதை வேறு. அதை எந்தக் கண் முதலில் பார்க்கிறது என்பதுதான் அடுத்த நடவடிக்கைகளைத் தீர்மானிக்கும். சிறுகோள் தேடும் தொலைநோக்கிகள் பார்த்தால் மறைக்கவே முடியாது. அவற்றின் அளவீடுகள், அவற்றைத் திரட்டும் சர்வதேசச் சிறுகோள் மையம் வழியாகப் பொதுவெளிக்கு வந்துவிடும், பாதையை யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். 2025 ஜூலை 1 அன்று சிக்கிய 3ஐ/அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்பது மறுநாளே அறிவிக்கப்பட்டது. சிறுகோள்களுக்கு எச்சரிக்கை எல்லைகூட உண்டு: 10 மீட்டருக்கு மேற்பட்ட கல், மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால் சர்வதேச எச்சரிக்கை வலையமைப்பு அறிவிக்கும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் விஷயத்தில் 2025 ஜனவரியில் அப்படியே செய்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடு கல்லுக்கானது. வருவது தானாகவே பாதையை மாற்றினால், அடுத்து என்ன என்று அதில் எழுதியிருக்காது.

ஏவுகணை எச்சரிக்கை ரேடார் முதலில் பார்த்தால்தான் ஆபத்து. 1971இல் அமெரிக்காவும் சோவியத்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவு, எச்சரிக்கைக் கருவிகளில் அடையாளம் தெரியாத பொருள் தட்டுப்பட்டு, அதனால் அணுஆயுதப் போர் மூளும் அபாயம் இருந்தால் உடனே பரஸ்பரம் சொல்ல வேண்டும் என்கிறது. வேற்றுக்கிரகவாசிகளை யாரும் மனதில் வைத்து எழுதியதல்ல; ஆனாலும் இந்த விஷயத்தில் கையிலிருக்கும் மிக உபயோகமான ஒற்றை வாக்கியம் அதுதான். அனுப்ப வேண்டியதும் சுருக்கமே: இருக்கும் இடம், வேகம், திசை, ‘இது எங்களுடையதல்ல’. அதுவும் சரியான மேசைக்குப் போக வேண்டும். 1995 ஜனவரியில் நார்வே தன் ஆராய்ச்சி ராக்கெட் பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தும், தகவல் ரஷ்ய ரேடார் ஊழியர்களை எட்டவில்லை. அதை ஏவுகணையோ என்று சந்தேகித்து, அணுஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிட அதிபர் எல்ட்சின் வைத்திருந்த பெட்டி திறக்கப்படும் அளவுக்குப் போனது.

தரையிறங்கினால் கிருமிப் பிரச்சினை. சந்திரனுக்குப் போய்வந்தவர்களை மனதில் வைத்து 1969இல் அமெரிக்கா ஒரு தனிமைப்படுத்தல் விதி போட்டது, 1991இல் அதை எடுத்துவிட்டது. அப்போலோ 11 வீரர்களை 21 நாள் அடைத்து வைத்தார்கள். ஆனால் கலத்தின் கதவைக் கடலிலேயே திறந்தாயிற்று, உள்ளே இருந்த காற்று அங்கேயே வெளியேறிவிட்டது. வேண்டியது பெரிய ஆய்வகமல்ல, யாரும் அருகே போகாதபடி முதல் மணி நேரத்திலேயே போடும் காவல் வளையம்.

பதில் அனுப்புவதைத் தடுக்க அரசிடம் உள்ள ஒரே நிஜமான பிடி, உயர்சக்தி ரேடியோ ஒலிபரப்புக்கான உரிமம். உரிமத்தை முடக்கலாம், ஆனால் அது அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும்தான் செல்லும்.